ஹரிகேன் 1/48: வால்பகுதியில் வெள்ளி தெரியலாமா?

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 16

மேலூரிலிருந்து எழுதுகிறேன். இரண்டு மாதமாக உழைத்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானமான ஹாக்கர் ஹரிகேன் மார்க் 2சியின் பிளாஸ்டிக் மாதிரியை 1/48 அளவில் (உண்மை அளவில் 48இல் ஒரு பங்கு) கட்டி முடித்திருக்கிறேன். பர்மாப் போர்முனையில் பறந்த விமானம் என்பதால், மூக்கிலிருந்து வால் வரை பஞ்சில் வெள்ளி நிறத்தைத் தொட்டு ஒற்றி, பூச்சு உரிந்து உலோகம் தெரிவது போலச் செய்திருக்கிறேன். தேய்மானம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு உண்மைத்தன்மை கூடும் என்பது என் கட்சி. பார்த்த இருவர் ஏதோ சரியில்லை என்கிறார்கள். எது என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. இடது இறக்கையில் ஓரிடத்தில் பச்சை வண்ணம் தானாகவே தோல் போல உரிந்து வருகிறது. அதற்கும் காரணம் தெரிந்தால் சொல்லுங்கள், அண்ணா.

ஜூன் 16, இரவு 10.40

எது சரியில்லை என்பது எனக்குத் தெரிகிறது. ஹரிகேனின் பின்னுடலில் உரிந்து தெரிவதற்கு உலோகத் தோலே கிடையாது. உள்ளே எஃகுக் குழாய்களால் ஆன சட்டம் இருக்கிறது. அதைச் சுற்றி மரத்தாலான வளைவுகளும் நீளவாட்டில் மெல்லிய மரச் சட்டங்களும் இருக்கின்றன. அவற்றின் மேல் லினன் துணியை இழுத்துப் போர்த்தி, டோப் என்னும் பூச்சைப் பலமுறை பூசி விறைப்பாக்கியிருக்கிறார்கள். விமானி அமரும் கூண்டுக்குப் பின்னால் நீளமாக ஓடும் மேடுகளை உங்கள் கிட்டில் விரலால் தடவிப் பாருங்கள். துணிக்கு அடியில் புடைத்துத் தெரியும் அந்த மரச் சட்டங்களைத்தான் அச்சு வார்த்தவர் காட்டியிருக்கிறார். துணியின் மேல் பூசிய வண்ணம் எவ்வளவு தேய்ந்தாலும் அங்கே வெள்ளி தெரியாது. உங்கள் நண்பர்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும், மேடு பள்ளமாக வளைந்து கிடக்கும் துணியில் தகரம் பளபளப்பதைக் கண் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். 1/48 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மை விமானத்தில் 4.8 சென்டிமீட்டர். பஞ்சில் ஒற்றிய புள்ளிகள் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால், உள்ளங்கை அகலத்துக்கு வண்ணம் பெயர்ந்த இடங்கள் உடல் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன என்று பொருள். அப்படி ஒரு விமானத்தைப் பராமரிப்புக் குழுவினர் ஓடுபாதைக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

தேய்மானம் கூடினால் உண்மை கூடும் என்பதை நான் ஏற்கவில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகே மேலே தேய்க்க வேண்டும்.

ஜூன் 17, காலை 6.15

உரிவதைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போயிற்று. கிட்டின் பாகங்கள் அச்சிலிருந்து ஒட்டாமல் கழன்று வருவதற்காகப் பூசும் பொருளின் எச்சம் பிளாஸ்டிக்கின் மேல் தங்கியிருக்கும். பாகங்களை அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டுவதற்கு முன்பே, பாத்திரம் தேய்க்கும் சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல் துலக்கியால் கழுவிக் காயவைக்க வேண்டும். இது எல்லாப் புத்தகத்திலும் இருப்பது. நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. என்னுடைய முதல் மாதிரியில் வலது இறக்கையின் நுனி மட்டும் மூன்று முறை உரிந்தது. நான்காம் முறை பூசுவதற்கு முன் யோசித்தபோதுதான் பிடிபட்டது: ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, குளிப்பதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில்தான் நான் வேலை செய்துகொண்டிருந்தேன், ஒவ்வொரு முறையும் பிடித்தது அந்த நுனியைத்தான். தேங்காயெண்ணெய் படிந்த இடத்தில் எந்த வண்ணமும் நிற்காது. உரிந்த இடத்தின் விளிம்பை 1000ஆம் எண் உப்புத்தாளால் நீரில் நனைத்துத் தேய்த்துச் சமன் செய்து, பிரைமர் பூசிவிட்டுப் பச்சையைத் திரும்பப் பூசுங்கள்.

ஜூன் 23

பின்னுடலில் வெள்ளி கூடாது என்றால் எங்கே கூடும் என்று மேலூர்த் தம்பி கேட்டிருக்கிறார். மார்க் 2சியின் இறக்கைக்கு உலோகத் தோல். அதன் வேர்ப்பகுதியில்தான் விமானியும் பராமரிப்பாளர்களும் பூட்ஸ் காலோடு ஏறி இறங்குவார்கள், அங்கே தேயும். இறக்கைக்கு நான்காக இருக்கும் 20 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்குக் குண்டு நிரப்ப அடிக்கடி திறந்து மூடும் கதவுகளின் ஓரத்தில் தேயும். இன்ஜினை மூடும் தகடுகளைக் கழற்றி மாட்டும் திருகுகளைச் சுற்றித் தேயும். இந்த இடங்களைத் தவிர வேறு எங்கும் நான் வெள்ளியைத் தொடுவதில்லை. தொடும்போதும் பஞ்சை எடுப்பதில்லை. கூராகச் சீவிய வெள்ளிநிறப் பென்சிலால் தொட்டு வைத்தால் கால் மில்லிமீட்டரில் முடிந்துவிடும். முன் காற்றாடியின் அலகுகளில் முன்விளிம்பு மணல் பட்டுத் தேய்ந்திருக்கும் என்பதால் அங்கேயும் வெள்ளிக் கோடு போடலாம்.

ஜூன் 24

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தங்கள். பீரங்கிகள் இறக்கைக்கு இரண்டு, மொத்தம் நான்கு. அதைவிடப் பெரிய பிழை காற்றாடியைப் பற்றியது. ஹரிகேனிலும், அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரிலும் பொருத்திய ரோட்டால் நிறுவனக் காற்றாடிகளில் மர அடுக்குகளை அழுத்தி ஒட்டிச் செய்த அலகுகள் பரவலாக இருந்தன. மரத்தில் எப்படி வெள்ளி தெரியும்? அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்று அடுத்தவருக்குச் சொல்லிவிட்டு, அலமாரியில் இருக்கும் என் ஹரிகேனின் மூன்று அலகுகளிலும் நானே வெள்ளிக் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். இன்று மாலை அவற்றைக் கறுப்பால் மூடினேன். அலகின் முனையில் வரும் மஞ்சள் பட்டை உண்மையில் 4 அங்குலம். நம் அளவில் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கறுப்பின் மேல் மஞ்சள் ஏறாது என்பதால் முதலில் முனையில் வெள்ளை, அதன் மேல் மஞ்சள், பிறகு டேப் ஒட்டி மறைத்துவிட்டுக் கறுப்பு என்ற வரிசையில் பூசுங்கள்.

ஜூலை 7

ஸ்பிட்ஃபயர் இருக்க ஹரிகேனை எதற்குக் கட்டுகிறீர்கள் என்று வேறொரு வாசகர் கேட்கிறார். அழகில் ஸ்பிட்ஃபயர் ஒரு படி மேல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பர்மாப் போர்முனையில் நம்மவர்கள் பெரும்பாலும் ஓட்டியது ஹரிகேன். 1944இல் இம்பாலை ஜப்பானியப் படை சூழ்ந்திருந்தபோது, அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் 1ஆம் ஸ்குவாட்ரன் ஹரிகேன்களோடு அங்கேயே இருந்து பறந்தது. அந்த ஆண்டிலேயே அவருக்கு டி.எஃப்.சி. என்னும் பிரிட்டிஷ் வீர விருது கிடைத்தது. 6ஆம் ஸ்குவாட்ரனை நடத்திய மெஹர் சிங்குக்கு டி.எஸ்.ஓ. என்னும் பிரிட்டிஷ் படை விருது கிடைத்ததும் ஹரிகேனில் பறந்துதான். அதற்கும் முன்பு, 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்களை எதிர்த்து, இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்தவையும் ஹரிகேன்களே. இராமேசுவரத்துக்கு அக்கரையில் நடந்த போர் அது. காரைக்குடிக்கு அருகே செட்டிநாட்டிலும், தெற்கே கயத்தாறிலும் அந்தப் போர்க்காலத்து ஓடுபாதைகள் இருக்கின்றன. இவ்வளவு பக்கத்தில் நடந்ததை நான் என் மேசையில் வைத்துக் கட்டாவிட்டால் வேறு எதைக் கட்டுவது?

பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தில், எந்த நாட்டு விமானம் என்று காட்டும் வட்டக்குறியின் நடுவில் சிவப்பு இருக்கிறதே, நீங்கள் ஏன் சிவப்பு வைக்கவில்லை என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய விமானங்களின் அடையாளம் செவ்வட்டம். வானத்தில் துளிச் சிவப்பு கண்ணில் பட்டாலும் சொந்த விமானத்தையே சுட்டுவிடும் ஆபத்து இருந்ததால், இந்தப் போர்முனையில் பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்டக்குறியிலிருந்து சிவப்பை நீக்கினார்கள். நடுவில் வெள்ளை, சுற்றிலும் நீலம்.

ஜூலை 9

நடுவில் வெள்ளை என்று எழுதியது பாதிதான் சரி. சிவப்பை மூடுவதற்கு வெள்ளை பூசியது முதற்கட்டம். வெள்ளை தொலைவிலிருந்தே பளிச்சென்று தெரிந்து, பச்சையும் மண்நிறமும் தரும் மறைப்பைக் கெடுத்ததால், பிறகு அதற்கும் நீலம் கலந்து வெளிர்நீலம் ஆக்கினார்கள். 1944இல் இம்பாலில் நிற்கும் விமானம் என்றால் அடர்நீலத்துக்குள் வெளிர்நீலம் என்பதே பொருந்தும். வெள்ளை நான்கு துளிக்கு அடர்நீலம் ஒரு துளி என்று நான் கலந்துகொள்கிறேன். வட்டக்குறியின் அளவையும் சிறிதாக்கியிருந்தார்கள். நீரில் நனைத்து எடுத்து ஒட்டும் குறிகள் அடங்கிய உங்கள் டெக்கால் தாளில் ஐரோப்பியப் போர்முனைக்கான பெரிய வட்டங்கள் மட்டும் இருந்தால், அவற்றை ஒதுக்கிவிட்டு வட்டமாக வெட்டிய டேப்பை மறைப்பாக வைத்துக் கையால் பூசுவதே நல்லது.

ஜூலை 21

தம்பி பின்னுடலை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி பூசியிருக்கிறார். படம் வந்தது. வெள்ளி போய்விட்டது, ஆனால் இப்போது விமானம் அன்று காலையில்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தது போல இருக்கிறது என்று வருந்துகிறார். அவர் பயன்படுத்தியவை டாமியா நிறுவன வண்ணங்களில் எக்ஸ்.எஃப். 52 என்னும் மண்நிறமும், எக்ஸ்.எஃப். 81 என்னும் அடர்பச்சையும், அடிவயிற்றுக்கு எக்ஸ்.எஃப். 83 என்னும் சாம்பலும். நிறங்களைத் தேர்ந்ததில் குறையில்லை. வெயில் படவில்லை, அவ்வளவுதான்.

வெயிலைப் படிக்க மதுரைக்காரன் எங்கும் போக வேண்டியதில்லை. திருநகரில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கதவு மேற்குப் பார்த்தது. அடர்பச்சை எனாமல் பூசி ஆறு கோடை ஆகிறது. மேலே நீட்டியிருக்கும் சன்ஷேடின் நிழல் விழும் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சை இன்னும் பூசிய அன்று இருந்தபடியே இருக்கிறது. அதற்குக் கீழே பளபளப்பு போய், பச்சையில் மஞ்சளும் சாம்பலும் கலந்து, விரலால் தேய்த்தால் விபூதி போல மாவு ஒட்டுகிறது. கைப்பிடியைச் சுற்றி, கை படும் இடத்தில் மட்டும் அந்த மாவு துடைபட்டு மறுபடி அடர்நிறம் தெரிகிறது. நிழலுக்கும் வெயிலுக்கும் இடையிலான எல்லை கோடு போட்டது போல இல்லை. நான்கு விரல் அகலத்துக்கு மெல்ல மெல்ல மாறுகிறது.

விமானத்தையும் இப்படியே பார்க்கிறேன். இறக்கையின் மேற்பரப்பும் முதுகும் வெளுக்கும். பக்கவாட்டில் அவ்வளவு வெளுக்காது. அடிவயிறு வெளுக்கவே வெளுக்காது. வெளுப்பைக் காட்ட வெள்ளை கலக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெள்ளை கலந்த பச்சை சுண்ணாம்புச் சுவர் போல ஆகிவிடும். வெளிர்மணல் நிறத்தில் சில துளிகள் கலந்து, தின்னரில் நன்றாக நீர்க்க வைத்து, பரப்பில் உள்ள கோடுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு கட்டத்தின் நடுவில் மட்டும் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். ஓரங்களில் பழைய நிறம் நிற்கட்டும்.

கோடையில் பூசுவதாக இருந்தால் விடிந்து ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அக்ரிலிக் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்து, இழுத்த தடம் தடமாக நிற்கிறது. உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டரை இரண்டு துளி சேர்த்தால் பத்து மணி வரை தாக்குப்பிடிக்கும்.

ஆகஸ்ட் 4

ஆடிக் காற்று. ஜன்னலைச் சாத்தினாலும் மேசையில் புழுதி படிகிறது. பூசிய பிறகு மாதிரியின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைக்கவில்லை என்றால், மறுநாள் காலை இறக்கை உப்புத்தாளாகவே மாறியிருக்கும்.

புழுதி என்றதும் இந்த மாதம் நான் செய்த ஒரு வேலை நினைவுக்கு வருகிறது. வெப்ப நாடுகளுக்கு அனுப்பிய பல ஹரிகேன்களுக்கு மூக்கின் அடியில் வோக்ஸ் என்னும் தூசி வடிகட்டி மாட்டியிருந்தார்கள். இன்ஜின் மண்ணைக் குடித்துவிடாமல் காக்கும் பெரிய தாடை அது. அவ்வளவு தூசியில் நின்ற விமானத்தின் சக்கரத்திலும் அடிவயிற்றிலும் தூசி வேண்டும் என்று, கோலத்துக்குக் காவி இடுவதற்காக வீட்டில் வைத்திருந்த காவிக்கட்டியைப் பொடித்துத் தூவினேன். தள்ளி நின்று பார்த்தபோது, யாரோ விமானத்தின் மேல் செங்கல்லை உடைத்தது போல இருந்தது. நிறம் மிகுந்துவிட்டது என்பது ஒன்று. பொடியின் பருமன் இன்னொன்று. 0.1 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு துகள் நம் அளவில் ஐந்து மில்லிமீட்டர் சரளைக்கல்லுக்குச் சமம். சக்கரத்தில் சரளைக்கல் ஒட்டியிருக்கலாம். இறக்கையின் அடியில் எப்படி ஒட்டும்? முழுவதையும் கழுவிவிட்டேன். தூசிக்கு இப்போது பழுப்புச் சாம்பல் நிறத்தை மிகவும் நீர்க்கக் கரைத்துச் சக்கரத்தைச் சுற்றி மட்டும் ஓட்டுகிறேன்.

செப்டம்பர் 15

கொலுவுக்குப் பொம்மை வாங்க விளாச்சேரிக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஒரு திண்ணையில் வயதான அம்மா ஒருவர் வரிசையாக நிற்கும் பொம்மைகளுக்குச் சேலைக் கரை எழுதிக்கொண்டிருந்தார். பொம்மையைச் சுற்றிக் கையை நகர்த்தாமல், கையை முழங்காலில் ஊன்றி வைத்துக்கொண்டு பொம்மையைத்தான் சுற்றுகிறார். கோடு அப்படியே வளைந்து வந்து தொடங்கிய இடத்தில் சேருகிறது. கூண்டுக் கண்ணாடியின் சட்டங்களை எழுத நான் ஐந்து ஆண்டாகப் பாடுபடுகிறேன். ஒருநாளும் கையை ஊன்றிக்கொண்டு மாதிரியைச் சுழற்றிப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை.

வண்ணம் உரிவதைப் பற்றி அவரிடம் கேட்டேன். "மண்ணு காயாம வண்ணம் வச்சா, மூணாம் நாளு அதுவே காட்டிக் குடுத்துரும் தம்பி" என்றார். ஜூன் 17 குறிப்பில் நான் சொல்லாமல் விட்டது இதுதான். தம்பியின் இடது இறக்கையில் இரண்டு பாதிகள் சேரும் இடத்தை நிரப்பப் பட்டி வைத்திருக்கிறார் என்பது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிகிறது; உரிந்த இடமும் சரியாக அதே கோடுதான். பட்டி மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்திருக்கும். எண்ணெய்க் கை என்று நான் சொன்னது அவர் விஷயத்தில் காரணமாக இராது. பட்டி வைத்தால் மூன்று நாள் விடுங்கள். தடிமனாக வைத்தால் ஒரு வாரம்.

அந்தத் திண்ணையில் எல்லாப் பொம்மைகளுக்கும் உடல் முடிந்திருந்தது, ஒன்றுக்கும் கண் இல்லை. கண் திறப்பது கடைசி வேலை. கூண்டுக் கண்ணாடியை நானும் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அதை மட்டும் உடனடி ஒட்டும் பசையால் ஒட்டிவிடாதீர்கள். அதன் ஆவி பட்டுக் கண்ணாடியின் உட்புறம் புகை படிந்தது போல வெளுத்துவிடும், பிறகு துடைக்க வழியில்லை. ஃபெவிகாலை ஊசி முனையில் தொட்டு வையுங்கள். காய்ந்தால் தடம் தெரியாது.

செப்டம்பர் 29

டெக்காலைச் சுற்றி வெள்ளை வளையம் வருகிறது, டெக்கால் தரக்குறைவோ என்று ஒருவர் கேட்கிறார். ஊறவைத்த தண்ணீரைப் பாருங்கள். எங்கள் போர்வெல் தண்ணீரைத் தட்டில் விட்டுக் காயவைத்தாலே உப்பு படிகிறது. அதே உப்புதான் இறக்கையிலும் படிகிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கும். ஒரு லிட்டர் வாங்கினால் பத்து விமானத்துக்கு வரும். டெக்காலுக்கு அடியில் வெள்ளி போல மினுங்கினால் அது வேறு கோளாறு: சொரசொரப்பான மேட் பரப்பில் ஒட்டியதால் இடையில் காற்று தங்கியிருக்கிறது. பளபளப்பான கிளியர் கோட் பூசிய பிறகு டெக்காலை ஒட்டி, அதன் மேல் மேட் கோட் பூச வேண்டும்.

அக்டோபர் 20

மழை பெய்துகொண்டிருந்த மாலையில் கடைசி மேட் கோட்டை ஸ்ப்ரே செய்தேன். செய்திருக்கக் கூடாது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் படிந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் இறக்கை முழுவதும் பால் சிந்தியது போல வெளுத்துவிட்டது. இரண்டு நாள் காத்திருந்து, வெயில் காய்ந்த மதியத்தில், ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் பனி போல மெல்லியதாக அடித்தேன். பூச்சு இளகி, உள்ளே இருந்த ஈரத்தை விட்டுவிட்டுத் தெளிந்தது. வலது இறக்கையின் வேரில் மட்டும் சிறிது பால்நிறம் நிற்கிறது. ஐப்பசி முடியும் வரை ஸ்ப்ரே டப்பாவைத் தொடப்போவதில்லை.

அக்டோபர் 27

பின்னுடலில் வெள்ளி கூடாது என்று ஜூனில் சொன்னேன். அங்கே என்னதான் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லினன் துணியின் மேல் பூசும் டோப்பில், வெயில் துணியை அரித்துவிடாமல் இருக்க, செங்காவி நிறம் சேர்ப்பார்கள். துணி கிழிந்தால் மேலே வேறொரு துண்டுத் துணியை டோப் வைத்து ஒட்டி, அதன் மேலும் டோப் பூசுவார்கள். மறைப்பு நிறம் பூச நேரமில்லாமல் பறக்க வேண்டியிருந்தால் அந்த ஒட்டு செங்காவியாகவே நிற்கும்.

ஆகஸ்டில் தோற்ற காவிக்கு அப்போதுதான் இடம் கிடைத்தது. நாட்டு மருந்துக் கடையில் பூங்காவி வாங்கினேன். வஸ்திரகாயம் செய்துகொள்ளுங்கள் என்று கடைக்காரரே சொன்னார். பழைய மல் வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்ததும், விரலிடுக்கில் தேய்த்தால் துகளே தெரியாத மாவாக வந்தது. அதை மேட் வார்னிஷில் குழைத்துக்கொண்டேன். சிகரெட் தாளில் மூன்றுக்கு நான்கு மில்லிமீட்டர் அளவில் ஒரு துண்டு வெட்டினேன். உண்மை அளவில் அது 14க்கு 19 சென்டிமீட்டர். மூலைகளை வட்டமாக்கி, இடப்பக்கத்தில் வட்டக்குறிக்குச் சற்றுப் பின்னால், இரண்டு மரச் சட்ட மேடுகளின் குறுக்கே ஒட்டினேன். மாதிரியை மடியில் சாய்த்துக் கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, அந்தத் துண்டின் மேல் மட்டும் காவியை ஒருமுறை ஓட்டினேன். காய்ந்த பிறகு தாள் மேடுகளின் மேல் இழுபட்டு, நடுவில் மெல்லப் பள்ளம் விழுந்து, துணியாகவே கிடக்கிறது.

ஒரு விமானத்துக்கு இப்படி ஒரு ஒட்டு போதும். தம்பி இரண்டு வைக்கலாமா என்று கேட்டால், இரண்டாவதற்கு மேல் பச்சை பூசிவிடச் சொல்வேன். அந்தப் பச்சை மட்டும் வெளுக்காமல் புதிதாக இருக்க வேண்டும்.